கண்ணில் நெல் பட்டால் ரத்தத்தில் என்ன நடக்கிறது?

கதிரடிக்கும்போது கண்ணில் நெல் தெறித்தால், முகத்தைக் கழுவிவிட்டு வேலையைத் தொடர்வதுதான் மதுரை மாவட்டத்து மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்து வழக்கம். கருவிழியில் விழுந்த கீறல் வெளியே தெரியாது. அதன் வழியாக பியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளின் வித்துகள் இறங்கிவிட்டால், சில நாளில் கண் சிவந்து, கருவிழியில் வெள்ளைத் திட்டு படர்கிறது. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாக 1990களில் கணக்கிட்டார்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் கிடைத்த கணக்கைப்போல் இது பத்து மடங்கு.

அந்த வெள்ளைத் திட்டு முழுக்கப் பூஞ்சை அல்ல. பெரும்பகுதி நியூட்ரோபில் எனும் நம்முடைய வெள்ளை அணுக்கள். கருவிழிக்குள் ரத்தக் குழாய் கிடையாது. எனவே அதன் ஓரத்துச் சிறு குழாய்களின் சுவரில் இந்த அணுக்கள் ஒட்டிக்கொண்டு, உடலை நெளித்து வெளியேறி, திசுவுக்குள் ஊர்ந்து வருகின்றன. எலும்பு மஜ்ஜை சாதாரண நாளிலேயே சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களை உருவாக்குகிறது. கடுமையான தொற்றில் உற்பத்தி கூடும்; முழுதாக முதிராத அணுக்களும் ரத்தத்தில் இறங்கிவிடும். பூஞ்சை வித்தை அவை விழுங்கிவிடும். வித்து முளைத்து இழையாக நீண்டுவிட்டால் விழுங்க முடியாது. வீரியமான ஆக்சிஜன் சேர்மங்களையும் நொதிகளையும் அதன்மேல் கொட்டுகின்றன. அதே நொதிகள் கருவிழியின் கொலாஜனையும் கரைக்கின்றன. பார்வையைக் காக்க வந்த அணுவே பார்வையைக் கெடுப்பது இப்படித்தான்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை ஆய்வாளர்கள் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து 2015இல் வெளியிட்ட முடிவு இதைவிட வியப்பானது. பூஞ்சைப் புண் வந்தவர்களின் ரத்த நியூட்ரோபில்களில் ஐஎல்-17 என்ற சமிக்ஞைப் புரதம் இருந்தது. அழற்சி இடத்துக்கு மேலும் நியூட்ரோபில்களை வரவழைப்பது இதன் வேலை. நோயே இல்லாத இந்தப் பகுதி மக்களின் அணுக்களிலும் அது இருந்தது. அமெரிக்கர்களிடம் அப்படி இல்லை. நம் காற்றில் மிதக்கும் பூஞ்சை வித்துகளோடு நாள்தோறும் புழங்குவதை இதோடு தொடர்புபடுத்துகிறார்கள். நோய் வருமுன்பே இங்குள்ளவர்களின் ரத்தம் ஓரளவு மாறியிருக்கிறது!

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து இந்த அணுக்களை அடக்குவதால்தான் ஆபத்தாகிறது. நியூட்ரோபில்கள் அடங்க, சிவப்பும் வலியும் குறையும்; குணமானதாகத் தோன்றும். தடுக்க ஆளில்லாத பூஞ்சையோ உள்ளே இறங்கும். பூஞ்சையைக் கொல்ல நேட்டாமைசின் சொட்டு மருந்து இருக்கிறது. அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், புதிய வோரிகோனசோலைவிட அதுவே மேல் என்று தெரிந்தது. பியூசேரியத்தில் வித்தியாசம் இன்னும் தெளிவு. ஆனால் நேட்டாமைசின் கருவிழியின் ஆழத்துக்கு எளிதில் இறங்காது. பூஞ்சை மேல்மட்டத்தில் இருக்கும் முதல் சில நாட்களிலேயே அதைத் தொடங்க வேண்டும்.