உளுந்து விதையின் தரம்: ஒரு குடத்துச் சோதனை

புதுக்கோட்டை மாவட்டத்தின் மானாவாரி நிலங்களில் உளுந்து முக்கியமான பயிர். இங்குள்ள வம்பன் தேசிய பயறு வகைகள் ஆராய்ச்சி மையத்தின் ரகங்களே பலரது நிலத்திலும் உள்ளன. நல்ல ரகமாக இருந்தும் முளைப்பு குறைந்தால், பெரும்பாலும் விதைத்த ஆளைத்தான் குறை சொல்கிறோம். இது சரியா?

அமெரிக்க நிபுணர் டெமிங், தொழிற்சாலைத் தரத்தைப் பற்றிப் பாடம் நடத்துகையில் மணிகளைப் பயன்படுத்தினார். பெட்டியில் ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு மணி, மற்றவை வெள்ளை. 50 குழிகள் உள்ள கரண்டியால் தொழிலாளர் அள்ள வேண்டும். சிவப்பு வந்தால் பழுது. திட்டினாலும் பாராட்டினாலும் சிவப்பு வந்துகொண்டே இருக்கும். குறை ஆளிடம் இல்லை, பெட்டியில் உள்ளது.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு குடத்தில் 600 உளுந்தும் 200 பச்சைப் பயறும் போட்டுக் கலக்கவும். பச்சைப் பயறு முளைக்காத விதை என்று கொள்ளவும். அதாவது முளைப்புத் திறன் 75 சதம். கண்ணை மூடி 10 விதை எடுத்து எண்ணவும். எடுத்ததைத் திரும்பப் போட்டுக் கலக்கிய பிறகே அடுத்தவர் எடுக்க வேண்டும். ஒருவருக்குப் பச்சைப் பயறே வராமல் போகலாம், இன்னொருவருக்கு ஐந்து வரலாம். குடம் ஒன்றுதான்! இதே முறையில் நூறு நூறாக நான்கு முறை எடுத்தால், சராசரி 25-ஐ ஒட்டி நிற்கும். பத்து விதையை முளைக்க வைத்து விதையை நம்புவது தவறு என்பது இதனால் விளங்கும்.

எனவே மூட்டையின் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலும் விதை எடுத்துக் கலந்து, நூறு நூறாக 400 விதைகளை ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி வைக்கவும். சாக்கு காயாமல் தண்ணீர் தெளித்து வரவும். ஏழாம் நாள் நல்ல நாற்றுகளை மட்டும் எண்ணவும். 300-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். சான்று விதைக்குக் குறைந்தபட்ச அளவு இந்த 75 சதமே.

குறைந்தால் என்ன செய்வது? கூடுதலாக விதைத்து ஈடுகட்டுவது நிரந்தரத் தீர்வல்ல. குடத்தில் உள்ள பச்சைப் பயறைக் குறைக்க வேண்டும். காய்கள் நன்கு முற்றியதும் காலந்தாழ்த்தாமல் அறுவடை செய்து, மழையில் நனையாமல் காயவைக்கவும். சலித்து, சுருங்கிய விதையையும் வண்டு துளைத்த விதையையும் நீக்கவும். ஈரப்பதம் 9 சதத்துக்கு மிகாமல் உலர்த்திய பிறகே மூட்டை பிடிக்கவும்.

விதைப்புக்குப் பத்து நாள் முன்னதாகவே இச்சோதனையை முடித்துக் கொள்வது நல்லது. குறை தெரிந்தால் வேறு விதை வாங்க அவகாசம் இருக்கும். மழை பெய்த பிறகு தெரிந்தால் பட்டமே தவறிவிடும்.