நோய்த் தோட்டத்தில் ஒரு பச்சைத் தூர்

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் மசாலாக் கிட்டங்கிகளில் ஏலக்காய்க்கு நிறமும் பருமனும்தான் மதிப்பு. அது எப்படிப்பட்ட இலைக்கடியில் விளைந்தது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. மலையிலோ முதல் பேச்சே இலையைப் பற்றித்தான். இளம் இலையில் நடுநரம்பிலிருந்து ஓரம்வரை வெளிர்பச்சைக் கோடுகள் விட்டுவிட்டு ஓடினால், கட்டே நோய். வைரஸால் வருவது, அசுவினிப் பூச்சி சுமந்து பரப்புவது. புதுத் தட்டைகள் குட்டையாகி, சரம் மெலிந்து, சில ஆண்டுகளில் தூரே வீணாகும். மருந்து கிடையாது, பிடுங்கி அழிக்க வேண்டியதுதான்.

ஆனாலும் தோட்டமே நோயில் கிடக்க, நடுவில் ஓரிரு தூர்கள் மட்டும் பச்சைப்பசேலென்று நிற்பதுண்டு. குடகு அப்பங்கலாவில் உள்ள நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் அப்படித் தப்பிய தூர்களைத் தேடிச் சேர்த்தார்கள். பூச்சி வராமல் தப்பியதா, வந்தும் தாங்கியதா? வைரஸ் சுமக்கும் அசுவினிகளை வேண்டுமென்றே ஏவிவிட்டால்தான் தெரியும். தப்பிய தூர்களிலிருந்து தேறி வந்ததுதான் 'விஜேதா' ரகம்.

செடிக்கு ரத்தமும் இல்லை, வெள்ளை அணுவும் இல்லை. சண்டை ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நடக்கிறது. பெரும்பாலான தாவர வைரஸ்களின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. பெருகும்போது அது இரட்டை இழையாகிறது. உடனே டைசர் என்ற நொதி அதை 21 முதல் 24 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்கும். ஆர்கோநாட் என்ற புரதம் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் வைரஸ் இழைகளைத் தேடி வெட்டும். துண்டுகள் தளிர்வரை பரவுவதால் வைரஸுக்கு முன்பே எச்சரிக்கை போய்விடும். அமெரிக்காவில் விங்கார்டு 1928-ல் புகையிலையில் கண்ட விந்தை இதுதான்: அடியிலைகளில் வளையப் புள்ளிகள், மேலே துளிர்த்த இலைகளில் ஒன்றுமில்லை. அதே வைரஸை மறுபடி தடவியும் ஏறவில்லை! துப்பு கிடைக்க 70 ஆண்டுகள் பிடித்தன. 1999-ல் இங்கிலாந்தில் ஹாமில்டனும் பால்கோம்பும் அந்தச் சிறு துண்டுகளைக் கண்டுபிடித்தார்கள்.

வைரஸ் மட்டும் சும்மா இருக்குமா? மட்டாஞ்சேரிக்குப் பேர் வாங்கித் தந்த மிளகையே எடுத்துக்கொள்ளுங்கள். கொடியைக் குட்டையாக்கும் வெள்ளரித் தேமல் வைரஸ், '2பி' என்ற புரதத்தால் ஆர்கோநாட்டையே முடக்கிவிடும். மிளகைத் தண்டு வெட்டி நடுவதால் தாய்க்கொடியின் நோய் கன்றுக்கும் இறங்கும்.

ஏலத்தில் கட்டே விதை வழியாக வராது. ஆனால் தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடுவதால், விதைக்கன்றுக்குத் தாயின் எதிர்ப்பு அப்படியே வரும் என்ற உறுதியும் இல்லை. எனவே விஜேதா போன்ற ரகத்தின் குணம் மாறாமலிருக்கத் தூர் பிரித்துத்தான் நட வேண்டும். நாற்றங்காலும் நோய்த் தோட்டத்துக்கு எட்டவே இருக்க வேண்டும்.