பாத வெடிப்பு: அலட்சியம் வேண்டாம்!



வறண்ட சருமம் என்றதும் நம்மில் பலர் முகத்தைத்தான் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். கேமரா முன் நிற்பவள் என்பதால் என் மேசையில் எப்போதும் நான்கு வகை முகக் கிரீம்கள் இருக்கும். ஆனால், ஒரே வீட்டில் இருந்த என் அம்மாவின் பாதங்களை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அம்மா சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் ஈப்போ, புந்தோங்கில் குடியேறினோம். குதிகால் வெடிப்பும் அவரோடு வந்தது. பிறகு இனிப்புநீரும் சேர்ந்துகொண்டது. ஒருநாள் காலை, அறையிலிருந்து சமையலறை வரை சிமெண்டுத் தரையில் இரத்தத் தடம். தடித்த தோலைப் பிளேடால் சீவியிருக்கிறார். ஆழமாக வெட்டியது அவருக்கே தெரியவில்லை. மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தார். நல்லவேளையாகக் கால் தப்பியது.

அதன் பிறகு நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மழை பெய்யும் ஊரில் வறட்சியா?

நமது பேராக் மாநிலத்தில் ஆண்டு முழுவதும் புழுக்கம்தான். அப்படியிருந்தும் தோல் ஏன் வறள்கிறது?

தோலின் மேல் அடுக்கைச் செங்கல் சுவர் போல எண்ணிக்கொள்ளுங்கள். செல்கள் செங்கற்கள், இடையில் உள்ள கொழுப்புதான் பூச்சு. அந்தப் பூச்சு கரைந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறிவிடும். கடுமையான சோப்பு, வெந்நீர்க் குளியல், நாள் முழுக்கக் குளிர்சாதன அறை, முதுமை ஆகியவை இதற்குக் காரணங்கள். ரப்பர் பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் அமோனியாவும், அதை உறைய வைக்கும் பார்மிக் அமிலமும் தோலை எரிச்சலூட்டிக் கெடுப்பவை. தோட்டத்தில் உழைத்தவர்களின் கைகளே இதற்குச் சாட்சி.

உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகளே இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். அதனால்தான் வெடிப்பு முதலில் அங்கே வருகிறது. நீரிழிவு நரம்புகளைப் பாதிக்கும்போது பாதத்தில் வியர்வையும் குறைகிறது, உணர்ச்சியும் குறைகிறது. தோல் வெடிக்கும், ஆனால் வலிக்காது. வலி இல்லாததால் கவனிக்கவும் மாட்டோம். அந்த வெடிப்பு வழியாகத்தான் கிருமி உள்ளே நுழைகிறது.

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடாக இருந்தது. அதாவது, ஏறக்குறைய மூவரில் ஒருவர். எனவே இது அழகுப் பிரச்சினை அல்ல. நம் வீட்டுப் பிரச்சினை.

என்ன செய்யலாம்?

1. வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்திற்குள் குளியுங்கள். உணர்ச்சி குறைந்தவர்கள் நீரின் சூட்டைக் காலால் அல்ல, முழங்கையால் சோதியுங்கள். வீட்டில் உள்ள வேறொருவர் சோதித்தால் இன்னும் நல்லது.

2. உடம்பைத் தேய்த்துத் துடைக்காமல் துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் கிரீம் பூசுங்கள். விலை உயர்ந்தது தேவையில்லை. பெட்ரோலியம் ஜெல்லி, அல்லது கிளினிக்கில் தரும் சாதாரண வெள்ளைக் கிரீமே போதும். தண்ணீர் போன்ற லோஷனைவிடக் கெட்டியான கிரீம் நல்லது.

3. தடித்த குதிகாலுக்கு யூரியா கலந்த கிரீம் உதவும். மருந்தகத்தில் கேளுங்கள். விரல் இடுக்கில் மட்டும் பூசாதீர்கள்; அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சைப் படை வரும்.

4. தேங்காய் எண்ணெய் வீண் அல்ல. 2004-இல் பிலிப்பைன்சில் 34 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், வறண்ட தோலுக்குச் சுத்தமான தேங்காய் எண்ணெய், கனிம எண்ணெய்க்கு இணையாகப் பயன் தந்தது. ஆனால் புண்ணின் மேல் தடவக்கூடாது. பூசியபின் வழுக்கி விழாமலிருக்கக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

5. பிளேடு, கத்தி, உருக்கிய மெழுகு எதுவும் வேண்டாம்.

பசார் மாலாம் கிரீம்கள்

வெள்ளையாக்கும், உடனே குணமாக்கும் என்று விற்கப்படும் சில கிரீம்களில் பாதரசமும் ஸ்டீராய்டும் இருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டை நீண்ட நாள் பூசினால் தோல் மெலிந்துபோகும். அழகுப் பொருள் என்றால் 'நோட்' என்று தொடங்கும் அறிவிப்பு எண், மருந்து என்றால் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அமைச்சின் இணையத்தளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கவும் முடியும்.

எப்போது மருத்துவரிடம் போவது?

வெடிப்பில் இரத்தம், சீழ், வீக்கம், சூடு, நிறம் கறுத்தல் இவற்றில் எது இருந்தாலும் அன்றே போங்கள். இனிப்புநீர்க்காரர்கள் வலி வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது. இரண்டு வாரம் கிரீம் பூசியும் அரிப்பும் வறட்சியும் தீரவில்லை என்றால் தைராய்டு, சிறுநீரகக் கோளாறாகக்கூட இருக்கலாம். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் இரவு செய்தி முடிந்ததும் அம்மா காலை நீட்டுவார். நான் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்த்து, கிரீம் தடவிவிடுவேன். ஐந்து நிமிட வேலைதான். முதலில் கூச்சப்பட்டார். "என் காலைப் போய் நீ தொடுறதா?" என்று இழுத்துக்கொண்டார். அந்தக் கால்கள் நடந்துதானே என்னைப் படிக்க வைத்தன!

இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பாதங்களையும் ஒருமுறை பாருங்கள், நேயர்களே.