எங்க ஊர்ல இப்ப மூணு ஏலம்!

போடிநாயக்கனூரில் யாரிடமாவது, "இன்னைக்கு ஏலம் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்த ஏலம்?" என்று திருப்பிக் கேட்பார்கள். சாக்கில் இருப்பதும் ஏலம், அதை விற்பதும் ஏலம். இப்போது மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது. அதில் விலை ஏறாது, இறங்கும்! அதில்தான் என் மச்சான் மாட்டிக்கொண்டார்.

நான் ஏலக்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். கம்ப்யூட்டர் ஏலம் எனக்குப் புதுசில்லை. 2007-ல் நறுமணப் பொருள் வாரியம் மின் ஏலத்தைக் கொண்டுவந்தபோது, "கூவாம என்னப்பா ஏலம்?" என்று பெரியவர்கள் சிரித்தார்கள். இன்றைக்கு வியாபாரிகள் சாம்பிள் காயை உடைத்து, நிறமும் பருமனும் பார்த்து, பேசாமல் பட்டனைத் தட்டுகிறார்கள். 2019 ஆகஸ்டில், மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியில், ஒரு கிலோ காய் 7,000 ரூபாய் வரை போனது. அன்றைக்கு போடி டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை.

மச்சானுக்கும் காய்க்கும் சம்பந்தமில்லை. அவர் பட்டறை வைத்திருக்கிறார். இரும்பு ரேக், பீரோ, மேசை செய்வார். மூன்று பையன்கள் வேலை பார்க்கிறார்கள். அரசு ஆபீஸ்களில் வருஷத்துக்கு நாலு ஆர்டராவது கிடைக்கும். அந்தக் காலத்து முறை உங்களுக்கே தெரியும்: மூன்று கொட்டேஷன் வேண்டும். மூன்றும் வேறு வேறு லெட்டர்பேடில் இருக்கும். கையெழுத்து மட்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடையில் இருக்கும்!

இதற்கு ஒரு முடிவு கட்டத்தான் 2016 ஆகஸ்டில் மத்திய அரசு 'ஜெம்' என்ற இணையச் சந்தையைத் திறந்தது. அதுவரை எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து விலை பேசி வைத்த டி.ஜி.எஸ். அண்ட் டி. அலுவலகத்தை 2017 அக்டோபரில் மூடியே விட்டார்கள். ஜெம்மில் கிடைக்கிற பொருளை மத்திய அரசு ஆபீஸ்கள் அங்கேதான் வாங்க வேண்டும் என்று விதி வந்தது. சின்னத் தொகை என்றால் நேரடியாக வாங்கலாம். அதற்கு மேலே போனால் மூன்று தயாரிப்பாளர்களின் விலையை ஒப்பிட வேண்டும். பெரிய தொகைக்குப் போட்டி வைக்க வேண்டும். 2024-25-ல் மட்டும் ஐந்து லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் அங்கே வியாபாரம் நடந்திருக்கிறது. பென்சில், நாற்காலி மட்டுமில்லை, வாடகைக் காரும் காவலாளியும்கூட அங்கேதான்.

"மாப்ளே, நமக்கும் ஒரு கணக்கு ஆரம்பிச்சுக் கொடுங்க" என்று மச்சான் வந்தார். ஆரம்பித்துக் கொடுத்தேன். முதலில் வந்தது ஒரு தலைகீழ் ஏலம். யார் விலையைக் குறைக்கிறாரோ அவருக்கு ஆர்டர். கடைசி நிமிஷத்தில் யாராவது குறைத்தால் நேரமும் நீளும். எதிரே யார் என்று தெரியாது, விலை மட்டும் தெரியும். மச்சானுக்கு வெறி பிடித்துவிட்டது. "இன்னும் ஒரு தட்டு மாப்ளே... இன்னும் ஒண்ணு!" என்னைத் தள்ளிவிட்டு அவரே தட்டினார். ஜெயித்தார்.

ஜெயித்த பிறகுதான் கணக்குப் போட்டோம். சரக்கு போக வேண்டிய இடம் மலை மேலே. போடிமெட்டு கொண்டை ஊசி வளைவுகளில் பீரோவை ஏற்றிப் போகிற லாரி வாடகையை விலையில் சேர்க்கவே இல்லை! சரக்கை ஏற்றுக்கொண்டதாகச் சான்று போட்டால் பத்து நாளில் பணம் என்பது விதி. ஆனால் அந்தச் சான்றைப் போட வேண்டியவர் லீவில் போய்விட்டார். பையன்களுக்குச் சம்பளம் கொடுக்க அக்காவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கணக்கு ஆரம்பித்துக் கொடுத்த பாவி நான்தானே!

அதன் பிறகுதான் உட்கார்ந்து விதிகளைப் படித்தேன். ஒரு நல்ல விஷயம் அகப்பட்டது. மத்திய அரசுத் துறைகள் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைச் சிறு, குறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். நம் விலை, மிகக் குறைந்த விலையைவிடப் பதினைந்து சதவீதத்துக்குள் அதிகமாக இருந்தால், அந்தக் குறைந்த விலைக்கே தரச் சம்மதித்து ஆர்டரில் ஒரு பங்கு வாங்கலாம். ஆனால் இது தயாரிக்கிறவர்களுக்கும் சேவை தருகிறவர்களுக்கும்தான். வாங்கி விற்கிற கடைக்காரருக்குக் கிடையாது. மச்சான் சொந்தமாகச் செய்கிறவர். உத்யம் பதிவு மட்டும்தான் பாக்கி இருந்தது. அதையும் முடித்தோம்.

அடுத்த தடவை ரேக்குக்கு மூடிய விலைப் போட்டி. இரும்பு, பெயின்ட், கூலி, லாரி, பணம் வரும்வரை வட்டி எல்லாம் கூட்டி, இதற்குக் கீழே இறங்குவதில்லை என்று ஓர் எண்ணைச் சுவரில் எழுதி வைத்தோம். அதற்கு மேலே கொஞ்சம் லாபம் வைத்து விலை கொடுத்தோம். வெளிமாநிலக் கம்பெனி ஒன்று எங்களைவிடக் குறைத்திருந்தது. ஆனால் பதினைந்து சதவீதத்துக்குள்தான் வித்தியாசம். அந்த விலைக்கு நீங்களும் தருவீர்களா என்று கேள்வி வந்தது. மச்சான் சுவரைப் பார்த்தார். எண் கீழேதான் இருந்தது. "தட்டுங்க மாப்ளே" என்றார். கால் பங்கு ஆர்டர் வந்தது. லாபம் பெரிசில்லை, ஆனால் சங்கிலி வீட்டுக்கு வந்தது.

எனக்குத் தோன்றுவது இதுதான். முன்பு ஆளைத் தெரிந்தால் போதும், ஆர்டர் வரும். இப்போது போடி பட்டறையும் டெல்லி கம்பெனியும் ஒரே திரையில் நிற்கின்றன. சிபாரிசு போனது நல்லதே. ஆனால் தன் அடக்க விலை தெரியாதவனுக்கு அந்தத் திரை வழுக்குப்பாறை!

ஏலக்காய் விற்கிறவன், எதுவரை ஏறும் என்று பார்ப்பான். பட்டறைக்காரன், எதுவரை இறங்கலாம் என்று தெரிந்துகொண்டுதான் உட்கார வேண்டும்.

இதைப் பெருமையாக அக்காவிடம் சொன்னேன். வாசலில் மீன்காரம்மாவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த அக்கா, முந்நூறில் ஆரம்பித்ததை நூற்றெண்பதில் முடித்துவிட்டுத் திரும்பினார்:

"என்னமோ தலைகீழ் ஏலம்னு சொன்னீங்களே... அது என்ன தம்பி?"