பட்டைக்குள் வாழும் வண்டுகளும் பயணப் பெட்டிகளும்

மெல்பேர்ண் நகரின் றோயல் பரேட் வீதியில் நடந்து செல்லும் நம்மவர், தலைக்கு மேலே கவிந்து நிற்கும் எல்ம் மரங்களைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இம்மரங்கள் கோடிக்கணக்கில் அழிந்துபோயின. பிரித்தானியாவில் மட்டும், 1960களின் பிற்பகுதியில் மூண்ட கொள்ளைநோயினால் 2 கோடிக்கும் அதிகமானவை மாண்டன. முதிர்ந்த எல்ம் மரங்களை இன்றும் வரிசை வரிசையாகக் காணக்கூடிய நகரங்கள் உலகில் மிகச் சிலவே. மெல்பேர்ண் அவற்றுள் ஒன்று.

மரங்களைக் கொன்றது ஒரு பங்கசு. அதைச் சுமந்து திரிந்தது எல்ம் பட்டை வண்டு. சாகும் தறுவாயிலுள்ள மரத்தின் பட்டைக்குக் கீழே தாய்வண்டு ஒரு சுரங்கம் குடைந்து முட்டையிடும். குடம்பிகள் அதன் இருமருங்கும் குடைந்து செல்லும். பட்டையை உரித்துப் பார்த்தால் மட்டத்தேள் ஒன்றைப் பதித்தெடுத்தாற் போன்ற கோலம் தெரியும். வளர்ந்து வெளியேறும் வண்டு, உடலில் ஒட்டிய வித்திகளோடு நல்ல மரத்துக்குப் பறந்து அதன் இளங்கிளைகளைக் கடிக்கும். மரத்தைச் சாகடிக்க அதுவே போதும்.

இந்த வண்டு 1974 இலேயே மெல்பேர்ணில் கண்டறியப்பட்டுவிட்டது என்பதுதான் கவனிக்கத்தக்கது. வராதது பங்கசு மட்டுமே. நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில் அது 1989 இல் தலைகாட்டியது. இங்கே வண்டி ஆயத்தமாக நிற்கிறது. ஏறவேண்டிய பயணிதான் இன்னும் வந்து சேரவில்லை.

இந்நாட்டுக் காடுகளுக்கே உரிய வண்டின் கதை வேறு. நியூ சவுத் வேல்ஸின் டொறிகோ தொடக்கம் விக்ரோரியாவின் ஓமியோ வரையுள்ள யூக்கலிப்டஸ் காடுகளில் ஒஸ்ரோபிளாற்றிபஸ் என்னும் சிறுவண்டு வாழ்கிறது. அது பட்டையோடு நில்லாமல், உயிருள்ள மரத்தின் வைரம்வரை மாதக்கணக்காகக் குடைந்து சென்று, அங்கே பங்கசைப் பயிரிட்டு உண்கிறது. உள்ளே குடியேறிய தாய், கால்களின் நுனிக் கணுக்களை இழந்துவிடுவதால் மீண்டும் வெளியேறுவதில்லை. தேனீக்களைப் போல, இனம் பெருக்காத மகளிர் அக்குடியைக் காத்துப் பணிசெய்கின்றனர். இத்தகைய சமூக வாழ்வு வண்டினத்தில் உண்டென்பதை டெபோரா கென்ற், ஜாக் சிம்ப்சன் ஆகிய ஆய்வாளர்கள் 1992 இல் முதன்முதலாக எடுத்துக்காட்டினர். ஒரே மரத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த குடிகளும் உண்டு. மரமும் உயிரோடு நிற்கிறது.

பேர்த் நகரை 2021 முதல் அலைக்கழிக்கும் வண்டுக்கோ நமது நாட்டோடு தொடர்புண்டு. 1868 இல் ஐக்ஹொஃப் என்ற ஜேர்மானியர், இலங்கையில் கிடைத்த மாதிரியைக் கொண்டே அதற்கு அறிவியற் பெயரிட்டார். மலையகத்தில் தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டும் இதுவே என நெடுங்காலம் கருதப்பட்டது. அவை நெருங்கிய உறவினங்களே என்பதை மரபணு ஆய்வு பின்னர் தெளிவாக்கியது. ஈஸ்ற் ஃபிறீமான்ரில் பகுதியில் ஒரு வீட்டு முற்றத்து மேப்பிள் மரத்திலே முதலிற் பிடிபட்ட இந்த 2 மில்லிமீற்றர் உயிரி, தன்னோடு கொண்டுவந்த பங்கசை மரத்துள் வளர்க்கிறது. பழக்கமற்ற மரம் நீரோட்டம் தடைப்பட்டுக் கருகுகிறது. ஆயிரக்கணக்கான மரங்கள் தறிக்கப்பட்ட பின்னரும், அடியோடு ஒழிப்பது இயலாதென 2025 யூனில் முடிவாயிற்று. (ஆங்கில ஏடுகள் இதனை 'வந்தேறி' என்று எழுதுகின்றன. அச்சொல்லை வாசிக்கும்போது அகதிக்கு மனம் சற்றுக் கூசத்தான் செய்கிறது. வண்டு தானாக வரவில்லை, மனிதர் காவிய மரத்தோடு வந்தது.)

சிட்னிப் பூங்காக்களின் மோர்ற்றன் பே அத்தியும், வீதியோரப் பிளேன் மரமும், நாம் கன்னிக்காலாக நடும் முள்முருக்கின் இனமும் இதற்கு இரையாகக்கூடியவை. ஆகவே பேர்த்திலுள்ள உறவினரிடமிருந்து பதியன், கிளை, விறகு எதுவும் எடுத்துவர வேண்டாம். ஊரிலிருந்து கொண்டுவரும் மரச்சாமான்களை விமான நிலையப் பத்திரத்தில் மறைக்காது குறிப்பிடுங்கள். வீட்டு மரத்தில் குமிழ்முனைப் பேனாவின் நுனியளவு துளைகளும் பசைக் கசிவும் தென்பட்டால் 1800 084 881 என்ற அரச இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.