வெளிறிய கடற்சாமந்தி

மலரென மயங்கத்தக்க விலங்கொன்று கடலில் வாழ்கின்றது. பாறையைப் பற்றி நிற்கும் காம்பும், அதன் தலைப்பில் வட்டமாக விரிந்த இதழ்களும் உடையதுபோலக் காணப்படுதலின், அதனைக் கடற்சாமந்தி என்று வழங்குவர். காம்பு என நாம் கருதுவது அதன் உடல். இதழ் என எண்ணுவன இரையைப் பற்றும் உணர்கொம்புகள். நடுவே பொகுட்டுப்போலத் தோன்றுவது வாய். ஒவ்வோர் உணர்கொம்பிலும் கண்ணுக்குப் புலனாகாத கொட்டணுக்கள் எண்ணிறந்தன உள. சிறு மீனோ இறாலோ தீண்டிய அளவிலே அவை நச்சிழைகளை எறிந்து அதனைச் செயலறச் செய்யும். பவள உயிர்களும் சொறிமீன்களும் இதற்கு உறவின.

இத்தகைய கடற்சாமந்தியொன்று சென்ற கோடை விடுமுறையில் எம் இல்லத்துக் கண்ணாடித் தொட்டிக்கு நோயுற்ற நிலையில் வந்து சேர்ந்தது. அது பிழைத்த வரலாற்றையும், பிழைத்தற்குரிய காரணங்களையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ் பயிலும் மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று விலங்கியல் பயிலும் நண்பர் நகைத்தல் கூடும். உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்துக் காட்டியவர் நம் தொல்காப்பியர் என்பதனை அவர்க்கு நினைவூட்டி, மேற்செல்வேன்.

கடற்சாமந்தியை வீட்டில் வளர்த்தல் புதிய வழக்கமன்று. 1828-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்து நார்த் பெரிக் கடற்கரையில் ஸர் ஜான் டால்யெல் என்னும் அறிஞர் செந்நிறக் கடற்சாமந்தியொன்றை எடுத்து வந்து கண்ணாடிக் கலத்தில் வளர்த்தார். அவர் 1851-இல் இறந்த பின்னரும் அது வேறு அறிஞர்களின் பாதுகாப்பில் இருந்து, ‘பாட்டி’ என்னும் செல்லப் பெயருடன், 1887-ஆம் ஆண்டுவரை எடின்பரோ நகரில் உயிர்வாழ்ந்தது. ஏறக்குறைய அறுபது ஆண்டு! தூய கடல்நீரும் அவ்வப்போது சிறிது சிப்பித்தசையும் அதற்குப் போதுமானவையாயின.

எனின், எம் இல்லத்துக் கடற்சாமந்திக்கு அவை மட்டும் போதாவாயின. இதற்குக் காரணம் யாது? குளிர்கடலில் வாழும் அச்செந்நிற இனம் தன் உணவைத் தானே பிடித்துண்டு வாழ்வது. வெப்பக் கடல்களிற் கோமாளி மீன்களுக்கு உறைவிடமாகும் இனங்களோ அவ்வாறல்ல. அவற்றின் தசையினுள்ளே பொன்னிறமும் பழுப்பு நிறமும் கலந்த நுண்பாசிகள் குடியிருக்கின்றன. 1881-இல் பிராண்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் இவற்றிற்கு ‘சூசாந்தெல்லா’ எனப் பெயரிட்டார். இப்பாசிகள் வெயிலொளியைக் கொண்டு சர்க்கரை முதலிய உணவுப் பொருள்களை ஆக்கி, அவற்றுட் பெரும்பகுதியைத் தம்மைத் தாங்கும் விலங்குக்கு அளிக்கின்றன. விலங்கு, தன் கழிவிலுள்ள அம்மோனியா முதலியவற்றைப் பாசிக்கு உரமாக அளித்துப் பாதுகாப்பான இடமும் தருகின்றது. ஓரறிவுயிர் ஒன்று மற்றோர் உயிரின் உடலுள்ளே தங்கி அதற்குச் சமையல் செய்து கொடுக்கின்றது எனலாம். நலமுற்ற கடற்சாமந்தியின் பழுப்பு நிறம் பெரும்பாலும் இப்பாசியின் நிறமே.

நீர் அளவுக்கு மிஞ்சி வெப்பமடையினும், ஒளி திடீரென மிகினும், பாசியின் ஒளிச்சேர்க்கைப் பொறி நிலைகுலைந்து, தசையைத் தாக்கும் தீய பொருள்களைத் தோற்றுவிக்கும். அப்பொழுது விலங்கு தன் விருந்தினரைத் தானே வெளியேற்றி விடுகின்றது. பிடித்த இடத்திலிருந்து கடைவரை பல நாள் இருளிலும் அழுக்கு நீரிலும் அடைபட்டுக் கிடத்தலாலும் பாசி அழியும். பாசி நீங்கிய உடல் வெண்பளிங்குபோல ஆகின்றது. இதுவே வெளிறல் எனப்படுவது. 1928, 1929-ஆம் ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டிற்குச் சென்ற ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் யங் என்பார், வெப்பமிகுதியால் பவள உயிர்கள் பாசியை வெளியேற்றுதலைக் கண்டு எழுதியுள்ளார். வெளிறிய உயிர் உடனே இறந்துவிடுவதன்று. ஆயின், சமையற்காரரை இழந்த வீடுபோல மெல்ல மெல்லப் பட்டினியால் வாடுகின்றது.

இவையொன்றும் அறியாத என் தமையனார், தம் முதற்சம்பளத்தில், எங்கள் தங்கையின் கோமாளி மீன்களுக்குத் துணையாக நகரத்துக் கடையொன்றிலிருந்து தூய வெண்ணிறக் கடற்சாமந்தியொன்றை வாங்கி வந்தார். ஹெடெராக்டிஸ் கிரிஸ்பா என்று நூல்களில் நெடுங்காலம் வழங்கிய இனம் அது. பழுப்பு உடலும் ஊதா நுனியும் உடையதாயிருத்தல் வேண்டும். ‘வெண்மையே இதற்கு அழகு’ என்று விற்றவர் சொன்னாராம். அழகென்று நாங்கள் விலைகொடுத்து வாங்கியது நோயே என்பது, விலங்கியல் நண்பரிடம் நிழற்படத்தைக் காட்டிய பின்னரே விளங்கிற்று.

பிழைக்குமா என்பதை அறிதற்கு நண்பர் மூன்று சோதனைகள் கூறினார். பாதம் கிழியாதிருத்தல் ஒன்று. வாய் இறுக மூடியிருத்தல் இரண்டு. உணர்கொம்புகள் தீண்டிய பொருளிற் பசைபோல ஒட்டுதல் மூன்று. எங்கள் நோயாளிக்குப் பாதம் நன்றாயிருந்தது, கொம்புகள் ஒட்டின, வாய் மட்டும் சிறிது நெகிழ்ந்திருந்தது. நம்பிக்கைக்கு இடமுண்டு என்றார்.

முதற்கண் நீர். எங்கள் தொட்டி இருநூறு லிட்டர் கொள்வது. இரண்டாண்டாகப் பழகி நிலைபெற்றது. புதுத் தொட்டியிற் கடற்சாமந்தி வாழ்தல் அரிது, என்னை? கழிவை மாற்றும் நுண்ணுயிர்கள் அங்கே இன்னும் நிலைகொள்ளாமையின் என்க. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சிறிதும் இருத்தல் ஆகாது. நீரின் ஒப்படர்த்தி 1.025 அளவிலும், வெப்பம் 25 முதல் 27 டிகிரி சென்டிகிரேடு வரையிலும் மாறாது நிற்க வேண்டும். கடையிலிருந்து வந்த நீரோடு தொட்டி நீரை மெல்லிய குழாய் வழியாகத் துளித்துளியாக ஒரு மணி நேரம் கலந்த பின்னரே அதனைத் தொட்டியில் இறக்கினோம். இவ்வினம் மணலுட் பாதத்தைப் புதைத்து அடியிலுள்ள கல்லைப் பற்றுவது. ஆதலின் ஆழ்ந்த மணலுக்கும் கல்லுக்கும் இடையே இடம் செய்தோம். கடற்சாமந்தி இடம்பெயர்ந்து உலவக்கூடியது. நீரை இழுக்கும் பொறியின் வாயிற் சிக்கினால் துண்டுபடும். அவ்வாயைக் கடற்பஞ்சால் மூடினோம்.

இரண்டாவது, அமைதி. கோமாளி மீன் ஓயாது கொம்புகளிடையே புரண்டு விளையாடும். வலியுற்ற கடற்சாமந்திக்கு அது நன்மையாயினும், மெலிந்ததற்குத் தொல்லையே. துளையிட்ட தட்டியொன்றை நடுவே நிறுத்தி மீன்களைப் பிரித்துவைத்தோம். தங்கைக்கு இது பெருந்துயரமாயிற்று.

மூன்றாவது, ஒளி. வெளிறிய உயிரில் பாசி முற்றும் ஒழிந்து போவதில்லை. சில அணுக்கள் தசையில் எஞ்சியிருக்கும். அவை பெருகுதலே மீட்சி. பெருகுதற்கு ஒளி வேண்டும். ஆயின், நிழல்தரும் நிறத்தை இழந்த தசைமேல் முழு ஒளியை ஒரேயடியாகப் பாய்ச்சின், எஞ்சிய பாசியும் கெடும். நெடுநாட் கண்கட்டியிருந்தவனை நண்பகல் வெயிலில் நிறுத்துதல் போல்வது அது. எனவே விளக்கின் ஆற்றலை முதலிற் குறைத்து வைத்து, வாரந்தோறும் சிறிது சிறிதாக உயர்த்தினோம்.

நான்காவது, உணவு. பாசி சமைக்காத காலத்தில் நாமே ஊட்டுதல் வேண்டும். இங்கேதான் நான் பிழை செய்தேன். பசித்த உயிருக்கு மிகுதியாக அளித்தலே அன்பு என்றெண்ணி, முதல் வாரத்திலேயே விரல்நுனி அளவுள்ள இறால் துண்டொன்றை அளித்தேன். அது முழுதும் விழுங்கிற்று. நான் மகிழ்ந்தேன். மறுநாட் காலையில் அத்துண்டு அழுகிய நிலையில் கோழையுடன் வெளியே கிடந்தது. கடற்சாமந்தி சுருங்கி ஒரு கைப்பிடி அளவாயிருந்தது. செரிக்கும் வலிமை இல்லாத உடலுக்குப் பேருணவு சுமையாயிற்று. கழிவை அகற்றி, நீரிற் பத்திலொரு பங்கை மாற்றி, நான்கு நாள் ஒன்றும் கொடாது விட்டோம். பின்னர், இறாலைப் பொடியாக நறுக்கி, மிளகினும் சிறிய அளவாக, வாரம் இருமுறை, நீண்ட இடுக்கியால் கொம்பின்மேல் மெல்ல வைத்தோம். அதன் பின் அது எதையும் கக்கவில்லை.

மே மாதத்தில் ஓர் இரவு மின்சாரம் நின்றது. விசிறியும் நீர்சுழற்றும் பொறியும் ஓய்ந்தன. 26 டிகிரியாயிருந்த நீர் நள்ளிரவில் 29 டிகிரியைத் தாண்டிற்று. ஓடாத நீரில் பிராணவாயுவும் குறையும்; வெந்நீர் அவ்வாயுவைக் கொள்ளும் அளவும் சிறிது. தமையனாரும் நானும் மாறிமாறி அமர்ந்து, குவளையால் நீரை முகந்து உயரத்திலிருந்து ஊற்றிக் கொண்டேயிருந்தோம். குளிர்ப்பெட்டியிலிருந்த பனிக்கட்டிப் புட்டிகளை ஒவ்வொன்றாக மிதக்க விட்டோம். ‘இதனை வாங்காமலே இருந்திருக்கலாம்’ என்று தமையனார் இருளிற் கூறியது இன்றும் என் செவியில் உளது. விடியற்காலையில் விளக்கு எரிந்தது. கடற்சாமந்தி சுருங்கியிருந்தாலும் கல்லைப் பற்றிய பாதத்தை விடவில்லை.

ஈண்டு ஒரு குறிப்பு. விசிறியால் நீரைக் குளிர்விப்போர், ஆவியாகும் நீர் உப்பைத் தொட்டியிலேயே விட்டுச்செல்லும் என்பதை மறவாதிருக்க வேண்டும். குறைந்த அளவை நன்னீரால் நிரப்புதல் வேண்டுமேயன்றி உப்புநீரால் அன்று.

நிறம் திரும்புதலை நாள்தோறும் நோக்குவார் காணார். ஒரே விளக்கின் கீழ், வெண்கரண்டியொன்றை அருகே வைத்து, வாரம் ஒருமுறை நிழற்படம் எடுத்து ஒப்பிட்டோம். ஆறாம் வாரத்தில் கொம்புகளின் அடியில் தேநீர்க் கறைபோன்ற மங்கிய நிறம் தோன்றிற்று. தங்கையே அதனை முதலிற் கண்டாள். ஜூன் மாதத்தில் நான் விடுதிக்குத் திரும்பியபின் ஊட்டும் பணியை அவளே ஏற்றாள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் நான் சென்றபோது, உடல் முழுதும் பழுப்பேறி, ஊதா நுனிகள் நீண்டு, ஒரு தட்டளவு விரிந்திருந்தது. தட்டியை எடுத்துவிட்டோம். மீன்கள் முதலில் அஞ்சி, பின் ஒவ்வொன்றாகத் தீண்டி, மாலைக்குள் அதனுள்ளே புகுந்துறங்கின.

எல்லா நோயாளியும் இவ்வாறு பிழைப்பதில்லை. வாய் பிளந்து உட்பகுதி வெளித்தள்ளி, பாதம் பிடிப்பிழந்து, தீநாற்றம் வீசுமாயின், அது இறந்தது எனத் தெளிந்து உடனே அகற்றுதல் வேண்டும். இன்றேல் அதன் அழுகல் தொட்டியிலுள்ள எல்லா உயிரையும் கொல்லும். நாளில் ஒருமுறை சுருங்கிப் பின் விரிதல் மட்டும் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. உள்ளிருக்கும் பழைய நீரையும் கழிவையும் வெளிப்படுத்தும் இயல்பான செயல் அது.

இவ்வுயிர் பிழைத்ததற்கு மகிழ்ந்தேனாயினும், என் உள்ளத்தில் இரண்டு எண்ணங்கள் தங்கிவிட்டன. முதலாவது, வெளிறியதையோ, மஞ்சளும் ஊதாவுமாகச் சாயமேற்றியதையோ இரக்கத்தாலும் வாங்குதல் ஆகாது என்பது. நாம் ஒன்றை விலைகொடுத்து மீட்கும்போது, அவ்விடத்தை நிரப்ப மற்றொன்று கடலிலிருந்து பறிக்கப்படுகின்றது. கோமாளி மீனுக்குத் தொட்டியிற் கடற்சாமந்தி இன்றியமையாததும் அன்று. அம்மீன்களைப் பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையை மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வகுத்துள்ளனர். தொட்டியிற் பிறந்த மீன் தொட்டியில் நலமாகவே வாழும்.

இரண்டாவது, கடலைப் பற்றியது. 1998, 2010, 2016-ஆம் ஆண்டுகளில் நம் மன்னார் வளைகுடாவிலும் நீர் வெப்பம் மிகுந்து பவளங்கள் வெளிறின. பசிபிக் கடலிலுள்ள மூரேயா தீவில் 2016-ஆம் ஆண்டின் வெப்பத்தால் கடற்சாமந்திகள் வெளிறியபோது, அவற்றில் வாழ்ந்த கோமாளி மீன்கள் இடும் முட்டைகளும் பெரிதும் குறைந்தன என அறிஞர் கண்டனர். இருநூறு லிட்டர் நீரை ஓரிரவு குளிர்விக்க இருவர் உறங்காதிருந்தோம். கடலில் மிதக்கவிடப் பனிக்கட்டிப் புட்டி எங்கே? அங்கே வெப்பத்தைத் தணித்தல் ஒரு வீட்டாரால் ஆவதன்று. எல்லா வீட்டாராலும் ஆக வேண்டுவது. நம் கல்லூரி மாணவருள் கடற்கரை ஊரினர் பலர். அலைவாய்க்குச் செல்லும்போது பாறையிடுக்கில் மலர்ந்திருக்கும் இவ்வுயிரைக் காணின், பறியாது, சிறிது நேரம் குனிந்து நோக்கி, அதன் நிறம் எத்தன்மைத்து என்று மட்டும் குறித்துக்கொண்டு திரும்புவாராக.