பால் குடிக்கையில் களைக்கும் குழந்தை

தறியில் அமர்வதும் ஏர் பிடிப்பதும் நமக்கு உழைப்பாவது போல, பால் குடிப்பதே கைக்குழந்தைக்கு உழைப்பாகும். உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் அது இடறாமல் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். நலமுள்ள குழந்தைக்கு இஃது எளிது. இருதயத்தில் பிறவிக் குறையுள்ள குழந்தைக்கோ தாங்கவொண்ணாச் சுமை. உயிருடன் பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு இத்தகைய குறை உண்டு. ஆதலின் இஃது எங்கோ ஒரு வீட்டுச் செய்தியன்று.

இக்குறைகளுள் மிகுதியாகக் காணப்படுவது, இருதயத்தின் கீழறைகள் இரண்டையும் பிரிக்கும் சுவரில் உள்ள துவாரமாகும். அது பெரிதாயின், உடலுக்குச் செல்லவேண்டிய இரத்தத்தில் ஒரு பகுதி மீண்டும் நுரையீரலுக்கே பாய்கிறது, மூச்சு விரைவாகிறது. பிறந்த புதிதில் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் இறுகியிருப்பதால் கோளாறு மறைந்திருக்கும். அவை தளரத் தளர, பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்களில், அது வெளிப்படும். “முதலில் நன்றாகத்தானே குடித்தது!” என்று பெற்றோர் திகைப்பது இதனாலேயே.

அப்பொழுது பழி தாயின்மீது விழுகிறது. பால் போதவில்லை என்பர், கண்ணேறு என்பர். உண்மையில் குறைந்தது பாலன்று, குடிக்கும் வலுவே.

இதனை வரவு செலவுக் கணக்காகவே காணலாம். நலமுள்ள கைக்குழந்தைக்கு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி போதும். இக்குழந்தைக்கு 120 முதல் 150 வரை தேவைப்படலாம். செலவு மிகுதி, வரவோ குறைவு. ஆகவே கையிருப்பாகிய எடை ஏறுவதில்லை. முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை எடை கூடவேண்டும். நூலையும் பருத்தியையும் தவறாமல் நிறுக்கும் நாம், குழந்தையை நிறுக்க ஏன் தயங்கவேண்டும்?

சிறிது குடித்து இளைத்து விட்டுவிடுதல், குடிக்கையில் நெற்றி வியர்த்தல், அரைமணி நேரமாகியும் குடித்து முடியாமை, விலாப்புறம் உள்வாங்க மூச்சுவிடுதல், எடை ஏறாமை ஆகியன அறிகுறிகள். இவற்றைக் கண்டால் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். உதடும் நாவும் நீலம் பூத்தாலோ, ஒரு நாழிகையும் தாமதித்தல் ஆகாது.

தாய்ப்பாலே இக்குழந்தைக்கும் சிறந்தது. தலையை நன்கு உயர்த்திப் பிடித்து, 2 அல்லது 3 மணிக்கு ஒருமுறை, சிறிது சிறிதாக ஊட்டவேண்டும். அரைமணிக்கு மேல் வருத்துதல் வேண்டா. மேலும் உழைத்தால் பெற்ற வலுவும் செலவாகிவிடும். எஞ்சியதைப் பீய்ச்சியெடுத்துச் சங்கினாலோ பாலாடையினாலோ புகட்டலாம். அதுவும் இயலாவிடில் மருத்துவர் மூக்கின் வழியே குழாய் வைத்து ஊட்டச் செய்வர்; அதனைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. பாலில் நீர் கலப்பதும், மருத்துவர் சொல்லாமல் மாவோ சர்க்கரையோ சேர்ப்பதும் கூடா.

“உடல் தேறட்டும், பிறகு அறுவைச் சிகிச்சை பார்க்கலாம்” என்று வீட்டாரே முடிவு செய்வது தீங்காகும். துவாரத்தை அடைத்த பின்னரே பல குழந்தைகள் தேறுகின்றன. நெடுங்காலம் தாமதித்தால் நுரையீரலின் குழாய்கள் தடித்துக் கெட்டுப்போய், அடைக்கவே இயலாத நிலையும் வரக்கூடும். சிறு துவாரங்கள் தாமே மூடிக்கொள்வதும் உண்டு. எது எத்தகையது என்பதை எக்கோ பரிசோதனையே காட்டும்.

பணமில்லையே என்று எவரும் வாளாவிருக்க வேண்டா. பிறவிக் குறைகளைக் கண்டறிய 2013-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய சிறார் பரிசோதனைத் திட்டத்தில் இருதயக் குறையும் அடங்கும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம், தகுதியுள்ள குடும்பங்களின் குழந்தைகளுக்கு இருதய அறுவைச் சிகிச்சையின் செலவை ஏற்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வழி கேட்டறியலாம். அவ்வழியை உறுப்பினர்க்கு எடுத்துக் கூறுதல் சங்க நிர்வாகிகளின் கடமையென நாம் கருதுகிறோம். ஒருவர் எல்லோருக்காக, எல்லோரும் ஒருவருக்காக என்னும் நம் நெறி, தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் உரியதன்றோ?